கடலூர், சிதம்பரம் வட்டாரக் கொல்லை மரங்களில் இலைப்பூச்சிக் கட்டுப்பாட்டின் வரலாறு

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வீட்டின் பின்புறம் உள்ள நிலம் கொல்லை எனப்படுகிறது. எலுமிச்சை, நார்த்தை, கொய்யா, பப்பாளி, மா, பலா, தென்னை ஆகியவற்றில் இரண்டு மூன்றாவது இல்லாத கொல்லையைப் பழைய தெருக்களில் காண்பது அரிது. இம்மரங்களின் இலையைத் தின்னும் புழுக்களையும் இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சிகளையும் மக்கள் எதிர்கொண்ட முறைகள் கடந்த நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளன. கையால் பொறுக்குவதும் சாம்பல் தூவுவதுமாக இருந்த பழக்கம் முதலில் ஆர்சனிக் உப்புகளுக்கும், பின்னர் டி.டி.டி. போன்ற தூள்களுக்கும் இடம் கொடுத்தது. அதன் பிறகு வேப்பங்கொட்டைக் கரைசலும், பூச்சிகளின் இயற்கை எதிரிகளும் மீண்டும் முன்னுக்கு வந்தன.

இந்த மாற்றங்களை வயல்வெளியின் வரலாற்றோடு சேர்த்தே பலரும் எழுதுவர். ஆனால் கொல்லை மரத்தின் நிலை வேறு. வயலில் மருந்து அடித்தால் அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. கொல்லையில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. காலையில் மருந்து தெளித்த கொய்யா மரத்தில் மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளை ஏறிவிடும். மரத்தடியில் கிணறோ அடிகுழாயோ இருக்கும். கோழியும் ஆடும் அங்கேயே மேயும். எனவே எந்த மருந்து பூச்சியைக் கொல்லும் என்பதோடு, அது வேறு யாரைச் சென்றடையும் என்ற கேள்வியும் கொல்லையில் முதலிலிருந்தே இருந்தது.

வட்டாரமும் பருவமும்

இன்றைய கடலூர் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகளின் வண்டல் நிலமும், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் நிலமும் இம்மாவட்டத்தில் அடங்கும். பண்ருட்டி பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்றது. சிதம்பரம் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர்களில் எலுமிச்சை, நார்த்தை, கொய்யா, தென்னை ஆகியவை கொல்லை மரங்களாக வளர்கின்றன.

இவ்வட்டாரத்துக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை. மழை தொடங்கியதும் மரங்கள் கொழுந்து விடுகின்றன. இலை தின்னும் புழுக்கள் பெரும்பாலும் முற்றிய இலையை விட்டுக் கொழுந்தையே நாடுவதால், கொழுந்து விடும் காலமே பூச்சிகளின் காலமும் ஆகும்.

இலையைத் தின்னும் பூச்சிகள்

கொல்லை எலுமிச்சையில் முதன்மையானது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி இளங்கொழுந்தின் மேல் ஒவ்வொன்றாக முட்டை இடும். வெளிவரும் சிறு புழு கருப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே தோன்றும். இதனால் பறவைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. வளர்ந்தபின் அது பச்சை நிறமாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற சிவந்த உறுப்பு ஒன்றை நீட்டிக் காரமான நெடியை வீசும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி ஆவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

இப்புழு எலுமிச்சையோடு நிற்பதில்லை. நார்த்தை, கறிவேப்பிலை, விளா, வில்வம் ஆகியவையும் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அவற்றையும் தின்னும். கொல்லையில் கறிவேப்பிலைச் செடி இருந்தால், எலுமிச்சையை மட்டும் பார்த்துக்கொள்வது போதாது.

தென்னை ஓலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப்புழு கடலோர ஊர்களில் தெரிந்த ஒன்று. தாக்கப்பட்ட ஓலை தீயில் வாட்டியதுபோல் காய்ந்து காணப்படும். பழமரம் அல்லவெனினும், கொல்லை முருங்கையில் மழைக்காலத்தில் கூட்டமாகத் தோன்றும் கம்பளிப்பூச்சியையும் இங்கே சேர்க்க வேண்டும். பகலில் அவை அடிமரத்தில் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். உடலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும்.

மருந்துக் கடைகளுக்கு முந்தைய முறைகள்

இராசயன மருந்துகள் வருவதற்கு முன் கொல்லை மரத்தைப் பெரும்பாலும் பெண்களே பார்த்துக்கொண்டனர். தண்ணீர் ஊற்றும்போதே இலையைத் திருப்பிப் பார்த்துப் புழுவைக் குச்சியால் தட்டிக் கோழிக்குப் போடுவதும், பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலை இலைமேல் தூவுவதும் வழக்கங்களாக இருந்தன. ஈர இலையில் ஒட்டும் சாம்பல் மென்னுடல் பூச்சிகளை உலரச் செய்கிறது; இலையையும் தின்ன ஒவ்வாததாக்குகிறது. ஒரு மழை பெய்தால் சாம்பல் கழுவப்பட்டுவிடும் என்பது இம்முறையின் குறை. முருங்கைக் கம்பளிப்பூச்சிக்குத் தீப்பந்தம் காட்டுவர். வேப்பம் புண்ணாக்கை மரத்தடியில் இடுவதும், புகையிலையை ஊறவைத்த நீரைத் தெளிப்பதும் இருந்தன. இவற்றுள் புகையிலை நீர் நிகோட்டின் கலந்தது, மனிதருக்கும் நஞ்சாவது. பழைய முறை என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மரத்திலேயே வாழும் முசுறு என்னும் சிவந்த எறும்பும் ஒரு காவல்தான். இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் இவ்வெறும்பு புழுக்களை இரையாக்கிக்கொள்கிறது. பொ.ஆ. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீன நூல் ஒன்று, நாரத்தை வகை மரங்களைக் காக்க இவ்வெறும்பின் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. உயிரைக் கொண்டு பூச்சியை அடக்கியதற்கு உலகில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பாக இது கருதப்படுகிறது. தமிழகக் கொல்லைகளில் முசுறுக்கு அத்தனை வரவேற்பு இல்லை. பழம் பறிப்பவரை அது கடிக்கும். தேன் போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சிகளைப் பேணவும் செய்யும்.

அரசுப் பூச்சியியல் துறையின் வருகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேளாண்மை அரசின் ஆய்வுக்கு உரிய துறையாயிற்று. கடலூரை அடுத்த பாலூரில் 1905இல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையமாக இயங்கும் இது, பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்துப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்த 'பாலூர் 1' இரகத்தை வெளியிட்டது.

சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளராக இருந்த டி. பெயின்பிரிக் பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய தம் பெருநூலை 1914இல் வெளியிட்டார். பின்னர் அத்துறையில் பணியாற்றிய டி.வி. இராமகிருஷ்ண ஐயர், தென்னிந்தியாவுக்கான பயிர்ப்பூச்சிக் கையேட்டை 1940இல் வெளியிட்டார். ஒரு பூச்சி எந்த மாதத்தில், எந்தப் பயிரில், எந்தப் பருவத்தில் தோன்றும் என்ற செய்திகள் இத்தகைய நூல்களால் முறைப்படுத்தப்பட்டன. 1919இல் இயற்றப்பட்ட சென்னை வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம், அறிவிக்கப்பட்ட பூச்சிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு நில உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. பக்கத்து வீட்டு மரத்தின் பூச்சி தன் மரத்துக்கும் வரும் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது எனலாம்.

அக்காலத்தில் இலை தின்னும் புழுக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இராசயனம் ஈய ஆர்சனேட். இலையோடு சேர்ந்து புழுவின் வயிற்றுக்குள் சென்று கொல்லும் 'வயிற்று நஞ்சு' இது. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு மீனெண்ணெய்ச் சோப்பும் மண்ணெண்ணெய்ப் பால்மமும் சொல்லப்பட்டன. ஈயமும் ஆர்சனிக்கும் மண்ணில் தங்குபவை; மழையால் அழிபவை அல்ல.

அதே காலத்தில் வேறொரு வழியும் சோதிக்கப்பட்டது. தென்னைக் கருந்தலைப்புழுவின் மேல் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவி இனங்களை ஆய்வகத்தில் பெருக்கித் தோப்புகளில் விடும் பணி சென்னை மாகாணத்தில் 1920களிலேயே நடந்தது. 1928இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட பஞ்சுச் செதில்பூச்சியை அடக்க, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஒரு பொறிவண்டு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வரவழைக்கப்பட்டது. இதே வண்டு 1880களின் இறுதியில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காத்திருந்தது.

நஞ்சுத் தூளின் காலம்

டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைச் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். அதற்காக 1948இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தியாவில் மலேரியா ஒழிப்புக்காக வீட்டுச் சுவர்களில் அடிக்கப்பட்ட டி.டி.டி. வேளாண்மையிலும் நுழைந்தது. கல்கத்தா அருகே 1952இல் பி.எச்.சி. உற்பத்தி தொடங்கியது. விலை மலிவான இத்தூளைப் பழந்துணியில் மூட்டையாகக் கட்டி மரத்தில் தட்டினால் போதும் என்ற எளிமை, அதைக் கொல்லை வரை கொண்டு வந்தது. பசுமைப் புரட்சியின்போது நெல்லுக்கு வாங்கிய மருந்தின் மிச்சம் வீட்டு மரத்துக்குப் போவது இயல்பாயிற்று.

ஆபத்தின் அறிகுறி விரைவிலேயே தெரிந்தது. 1958இல் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்நிகழ்வைத் தொடர்ந்த விசாரணைகளின் விளைவாகவே பூச்சிமருந்துச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. மருந்துப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களால் நச்சுத்தன்மையைக் குறிக்கும் ஏற்பாடு இச்சட்டத்தின்கீழ் வந்தது. சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும் பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கும். இதற்குள் பாரத்தியானின் வணிகப் பெயர் ஒன்று 'பாலிடாயில்' எனத் திரிந்து, தமிழகச் சிற்றூர்களில் விஷம் என்பதற்கே மறுபெயராகிவிட்டது.

கொல்லை மரத்தில் மற்றொரு விளைவும் இருந்தது. இத்தூள்கள் புழுவோடு சேர்த்துப் பொறிவண்டு, குளவி, கும்பிடுபூச்சி ஆகியவற்றையும் கொன்றன. புழு மீண்டும் வரும்போது அதைத் தின்ன யாரும் இல்லாததால் மறுமுறை இன்னும் அதிகம் அடிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' இக்கேள்விகளை உலக அளவில் எழுப்பியது. இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989இல் நிறுத்தப்பட்டது, பி.எச்.சி. 1997இல் தடை செய்யப்பட்டது.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பான், அப்பகுதி மக்களின் உடல்நலக் கேடுகளால் நாடு முழுவதும் பேசப்பட்டது. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு இடைக்காலத் தடை விதித்தது. முந்திரி வளரும் பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளுக்கு இச்செய்தி அயலூர்ச் செய்தி அன்று.

வேம்பின் மறுவரவு

வேம்பு இவ்வட்டாரத்தின் எல்லாத் தெருக்களிலும் உள்ள மரம். அதன் பூச்சித் தடுப்பாற்றல் ஆய்வு முறையில் நிறுவப்பட்டது 1962இல்தான். அவ்வாண்டு டில்லியில் வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் எஸ். பிரதான், எம்.ஜி. ஜோத்வானி, பி.கே. ராய் ஆகியோர் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்தனர். வெட்டுக்கிளிகள் வந்து அமர்ந்தும் அப்பயிரைத் தின்னவில்லை. 1968இல் இங்கிலாந்தின் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

இப்பொருள் புழுவை உடனே கொல்வதில்லை. இலையை உண்ண ஒவ்வாததாக்குகிறது; உண்ட புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வளர முடியாமல் தடுக்கிறது. வெயிலில் சில நாட்களில் சிதைந்தும் விடுகிறது. தெளித்த மறுநாளும் புழு உயிரோடு இருப்பதைக் கண்டு 'வேலை செய்யவில்லை' என்று கைவிட்டவர்கள் உண்டு. உண்மையில் கவனிக்க வேண்டியது புழு செத்ததா என்பதை அன்று, இலை மேலும் குறைகிறதா என்பதை.

சிதம்பரத்துக்கும் இம்மறுவரவில் ஒரு தொடர்பு உண்டு. 1929இல் அண்ணாமலைச் செட்டியாரால் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர் கோ. நம்மாழ்வார் (1938–2013). அரசு வேளாண் பணியிலிருந்து விலகியபின் அவர் தமிழகம் முழுவதும் நடந்து இயற்கை வேளாண்மையைப் பரப்பினார். ஆடு தின்னாத இலைகளையும், ஒடித்தால் பால் வடியும் இலைகளையும், கசப்பான இலைகளையும் ஊறவைத்துத் தெளிக்கும் முறை அவரது பயிற்சிகளால் பலருக்கும் அறிமுகமாயிற்று. வேம்பு, நொச்சி, ஆடாதோடை, எருக்கு போன்றவை இதில் சேரும். இக்கரைசல்கள் 'பூச்சிவிரட்டி' எனப்பட்டன. 'பூச்சிக்கொல்லி' என்ற சொல்லின் இடத்தில் 'பூச்சிவிரட்டி' வந்தது நோக்கம் மாறியதையும் காட்டுகிறது.

வேம்பின் மதிப்பு வணிகத்துக்கும் தெரிந்தது. வேப்பெண்ணெயால் தாவரப் பூஞ்சைகளைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இது மக்கள் ஏற்கெனவே அறிந்த முறை என்று வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடினர். 2000இல் காப்புரிமை நீக்கப்பட்டது. 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

பப்பாளி மாவுப்பூச்சி (2008–2011)

கொல்லை மரங்களின் அண்மைக்கால வரலாற்றில் பெரிய நிகழ்வு பப்பாளி மாவுப்பூச்சியின் வருகை. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008 ஜூலையில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. இது இலையைக் கடித்துத் தின்பதில்லை, சாற்றை உறிஞ்சும். தாக்கப்பட்ட பப்பாளியின் இலையும் காயும் வெள்ளை மாவு பூசியதுபோல் ஆகி, கொழுந்து சுருண்டு, காய் உதிர்ந்து, கடைசியில் மரமே பட்டுப்போகும். தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் பரவிய இது மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கொய்யா, செம்பருத்தி ஆகியவற்றையும், பார்த்தீனியக் களையையும் தாக்கியது.

மருந்துகள் எதிர்பார்த்த பயன் தரவில்லை. பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சில் தெளிநீர் ஒட்டாமல் வழிந்துவிடும். தோட்டத்தில் அழித்தாலும் வேலியோரக் களையிலிருந்து திரும்பி வரும். மெக்சிகோவில் இதை அடக்கி வைத்திருந்த எதிரிகள் இங்கே இல்லை என்பதே அடிப்படைக் காரணம்.

எனவே பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் 2010 ஜூலையில் மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தது. அவை உள்நாட்டுப் பூச்சிகளுக்குத் தீங்கு செய்யுமா என்று தனிமைப்படுத்திச் சோதித்தபின், அவ்வாண்டின் இறுதியிலிருந்து வயல்களில் விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் நிலையங்களில் அவற்றைப் பெருக்கி வழங்கியது. 'அசிரோபேகஸ் பப்பாயே' என்னும் கொசுவினும் சிறிய குளவி இவற்றுள் மிக நன்றாகப் பரவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழித்தது. சில மாதங்களிலேயே பூச்சியின் எண்ணிக்கை வீழ்ந்தது. யாரும் குளவி வாங்கி விடாத கொல்லைகளிலும் அது தானே பறந்து சென்று சேர்ந்தது.

2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டுத் தென்னையிலும் கொய்யாவிலும் பரவிய சுருள் வெள்ளை ஈக்கும் இப்பாடம் கைகொடுத்தது. இலையின் அடிப்புறம் விசையாக நீர் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுவது, எதிரியான சிறு குளவியைக் காக்க இராசயன மருந்தைத் தவிர்ப்பது ஆகியவையே பரிந்துரைகளாயின.

புயலுக்குப் பின் வந்த கன்றுகளும் இன்றைய நடைமுறையும்

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், மாவட்டத்தின் பலா, முந்திரி மரங்களைப் பேரளவில் வீழ்த்தியது. கொல்லைகளும் வெறுமையாயின. பல தலைமுறை நிழல் தந்த மரங்களின் இடத்தில் முழங்கால் உயரக் கன்றுகள் வந்தன.

வளர்ந்த எலுமிச்சை மரம் பத்து இருபது புழுக்களுக்கு இலை கொடுத்தும் காய்க்கும். நாலைந்து கிளைகளே உள்ள கன்றை இரண்டு மூன்று புழுக்கள் ஒரு வாரத்தில் மொட்டையாக்கிவிடும். எனவே மரத்தின் வயதைப் பார்த்தே நடவடிக்கையை முடிவு செய்வது இன்றைய அணுகுமுறை. கன்றைக் கொழுந்து விடும் நாட்களில் அன்றாடம் பார்த்து, முட்டையையும் புழுவையும் கையால் நீக்க வேண்டும். காய்க்கும் மரத்தில் சில புழுக்களை விட்டுவைத்தால் அவற்றைத் தேடிக் குளவியும் மைனாவும் வரும்.

கைக்கு எட்டாத அளவுக்குப் பெருகினால் ஐந்து விழுக்காட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் பயன்படுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்திச் சேமிப்பர். ஓராண்டு கடந்த கொட்டையில் வீரியம் குறைந்துவிடும். பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் கட்டிச் சிறிது நீரில் ஓரிரவு ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். கரைசலை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். மழை பெய்தால் மீண்டும் தெளிக்க நேரிடும்.

நூறாண்டுக்கு முன் பாட்டிமார் தண்ணீர் ஊற்றும்போது இலையைத் திருப்பிப் பார்த்த பழக்கமே இன்றைய பரிந்துரைகளிலும் முதல் படியாக நிற்கிறது. இடைப்பட்ட காலத்து ஆய்வுகள் அதற்குக் காரணங்களைச் சேர்த்தன: புழு எப்போது வரும், எந்த இலையில் இருக்கும், எதனால் அடங்கும், அதைத் தின்ன வருபவை எவை என்பதை. கடலூரிலும் சிதம்பரத்திலும் புதிதாகக் கன்று நடும் வீடுகளுக்கு இவ்விரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.